மலைப்பாதை பிக்கப்புக்குப் பின் ஆக்சில் மாற்றுவது: அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

கம்பம், கூடலூர், போடி பக்கம் இன்னும் நிறைய பழைய பிக்கப்கள் மலைக்குப் போய் வந்துகொண்டிருக்கின்றன. காய்கறியும் அரிசியும் உர மூட்டையும் மேலே போகும். ஏலக்காயும் மிளகும் கீழே வரும். எஞ்சினை இரண்டு முறை பிரித்துச் சேர்த்து ஓட்டுபவர்கள்கூட, பின் ஆக்சில் ஊளையிட ஆரம்பித்ததும் வண்டியை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். விற்க வேண்டியதில்லை. பொருத்தமான வேறொரு ஆக்சிலை மாட்டி அந்த வண்டியை இன்னும் பல வருஷம் ஓட்டலாம். ஆனால் வேலை முறையாக நடக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டதைத் தூக்கிவந்து, ஸ்பிரிங் பட்டை உட்காரும் சீட்டை வெல்டு வைத்து, மறுநாளே பாரம் ஏற்றுவது ஆளைக் கொல்லும் காரியம்.

இந்தக் கட்டுரை முழுக்க ஓடும் ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை ஓட்டத்துக்கு ஆக்சில் தேடுபவர்கள் ஏற்றத்தை நினைத்துத் தேடுகிறார்கள். இறக்கத்தை நினைத்துத் தேட வேண்டும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது இழுவை போதவில்லை என்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். அதே பாரத்தோடு குமுளி தாண்டி பீர்மேடு, குட்டிக்கானம் வழியாக முண்டக்கயத்துக்கு இறங்கும்போது பிடிப்பு போதவில்லை என்றால் வண்டி நிற்காது. ஆக்சிலின் பல் விகிதம் (வீல் ஒரு சுற்று சுற்ற ஆக்சிலுக்குள் வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது), பிரேக் டிரம்மின் அளவு, பிரேக் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் அளவு எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

ஆக்சிலைத்தான் மாற்ற வேண்டுமா?

சத்தம் வந்ததும் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கையே கழற்றாதீர்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஊளை வந்து, காலை எடுத்ததும் மாறினால் கிரவுன் பினியன் (ஆக்சில் நடுவில் சேர்ந்து சுழலும் பெரிய பல்சக்கரமும் சின்னதும்) பக்கம் சந்தேகப்படலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் உறுமல் பெரும்பாலும் வீல் பேரிங். கிளட்ச் விட்டு நகரும்போது ‘டக்’ என்று ஓர் அடி அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது ஜாயிண்ட் கிராஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள சிலுவை மூட்டு. கிராஸும் பேரிங்கும் மாற்றினாலே தீரும் வேலைக்கு ஆக்சிலையே மாற்றுவது வீண் செலவு.

ஆக்சிலையே மாற்ற வேண்டிய காரணங்கள் வேறு. உங்கள் வண்டிக்குக் கிரவுன் பினியன் ஜோடியாகக் கிடைக்கவில்லை, ஹவுசிங் குழாய் வளைந்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது, பழைய டிரம் சிறியது, பல் விகிதம் மலைக்கு ஒத்துவரவில்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே படியுங்கள்.

“பெரிய ஆக்சில் போட்டா இன்னும் அரை டன் ஏத்தலாம்ணே” என்பது காரணம் ஆகாது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடை ஆக்சில் மாற்றியதால் கூடுவதில்லை. சேஸி, முன் பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் பழைய பாரத்துக்குச் செய்தவை. தோட்ட வேலைக்கு ஆட்களைப் பின்னால் நிறுத்தி ஏற்றிப் போவதற்காக வண்டியைப் பலப்படுத்துவதும் வேண்டவே வேண்டாம். சரக்கு வண்டி ஆள் ஏற்றுவதற்கு இல்லை; கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே கிடையாது.

ஆக்சிலுக்குப் பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. பேச்சு

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது. கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டிகளைக் கடுமையாகப் பார்க்கும் என்பது எல்லையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே எந்த ஆக்சிலை, ஏன் போடப்போகிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் முன்னதாகவே கேளுங்கள். அதே வண்டி வரிசையில் கம்பெனியே போட்ட ஆக்சிலாக இருந்தால் பேச்சு எளிதாக இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பழைய ஆக்சில் வாங்கும் கடையில் பில் வாங்குங்கள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பது அதில் இருக்கட்டும். மதுரையிலோ, கோவை உக்கடத்திலோ, சென்னை புதுப்பேட்டையிலோ எங்கே வாங்கினாலும் பில் இல்லாத ஹவுசிங் வேண்டாம்.

அளவு எடுப்பது

வேலையில் பாதி இதுதான். அந்த வண்டி ஆக்சில் இந்த வண்டிக்கு அப்படியே உட்காரும் என்று யார் சொன்னாலும், ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் மாற்றம் இருக்கும். நீங்களே அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முதல் அளவு ஆக்சிலின் முழு அகலம். வீல் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க வீல் உட்காரும் முகம் வரை. நடுவில் டிஃபரன்ஷியல் (கிரவுன் பினியன் உட்கார்ந்திருக்கும் குண்டு) இருப்பதால் டேப்பை நேராகப் பிடிக்க முடியாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் வீல்களைக் கழற்றி, இரண்டு டிரம்களின் வெளி முகத்திலிருந்தும் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். தரையில் குண்டு தொடும் இடத்தில் சாக்பீஸ் குறி. இரண்டு குறிக்கும் நடுவே அளந்தால் மில்லிமீட்டர் சுத்தமாக வரும். கடையில் கிடக்கும் ஆக்சிலையும் இதே முறையில் அளக்கலாம். பக்கத்துக்கு 10 மி.மீ. வித்தியாசம் வந்தால் பெரிய விஷயமில்லை. அதற்கு மேல் குறுகினால் டயரின் உள்பக்கம் பட்டையில் உரசும். அகன்றால் மட்கார்டில் இடிக்கும். டயருக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது இடைவெளி இல்லாத ஆக்சிலை நான் எடுக்க மாட்டேன். வீல் ஸ்பேசர் போட்டுச் சரிக்கட்டுவது மலை ஓட்டத்துக்கு ஆகாது.

அடுத்தது போல்ட் வட்டம். ஆறு போல்ட் என்றால் எதிரெதிர் போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து போல்ட்டில் எதிரே போல்ட் இருக்காது. ஒரு போல்ட்டின் மையத்திலிருந்து, பக்கத்துப் போல்ட்டை விட்டு அதற்கடுத்த போல்ட்டின் மையம் வரை அளந்து 1.0515ஆல் பெருக்குங்கள். வில்லிஸ் காலத்திலிருந்து வரும் ஜீப் வீலுக்கு 132.9 மி.மீ. வரும்; பெருக்கினால் 139.7, அதாவது ஐந்தரை அங்குலம். வீலின் நடு ஓட்டையும் ஹப்பில் உட்கார வேண்டும், அதையும் அளந்துகொள்ளுங்கள்.

இன்னும் எடுக்க வேண்டியவை: இரண்டு பட்டைக் கட்டுகளின் மையத்துக்கு மையம், பட்டையின் அகலம், சென்டர் போல்ட் தலை உட்காரும் ஓட்டை, ஹவுசிங் குழாயின் வெளி விட்டம், பினியன் ஃபிளாஞ்சின் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் முகம்) ஓட்டை அளவு, ஜாயிண்ட் கிராஸ் கப்பின் அளவு. டிஃபரன்ஷியல் குண்டு நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய ஃபோர் வீல் ஜீப் வகைகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் வீல்களுக்குப் பிரிக்கும் பெட்டி) ஷாஃப்ட் பக்கவாட்டில் வருவதால் குண்டும் ஓரமாக இருக்கும். நடுக்குண்டு ஆக்சிலை அதற்குப் போட்டால் ஷாஃப்ட் கோணலாக ஓடும்.

பல் விகிதம்

விகிதம் பொறித்த தகடு இல்லாத ஆக்சிலிலும் விகிதத்தைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பக்க ஹப் அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 20 சுற்று சுற்றி, பினியன் சுற்றைப் பத்தால் வகுக்கலாம். பின்மூடி திறக்கும் வகையானால் பல்லையே எண்ணிவிடலாம்: கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73; 47க்கு 11 என்றால் 4.27, 39க்கு 8 என்றால் 4.88, 43க்கு 8 என்றால் 5.38.

இந்த எண் ரோட்டில் என்ன செய்யும்? 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.21 மீட்டர் போகும். 80 கி.மீ. வேகத்தில் டயர் நிமிஷத்துக்கு 603 சுற்று. நேர் கியரில் (கியர்பாக்ஸ் சுற்றை மாற்றாமல் அப்படியே அனுப்பும் கியர்) 3.73 ஆக்சில் என்றால் எஞ்சின் 2,250 சுற்று சுற்றும், 4.27 என்றால் 2,575, 4.88 என்றால் 2,940க்கு மேல். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் உள்ள உச்சச் சுற்றை வைத்துப் பார்த்தால் தேனி–மதுரை ரோட்டில் வண்டி கத்துமா, கத்தாதா என்பது வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

இறக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 3.73லிருந்து 4.88க்குப் போனால் அதே கியரில், அதே வேகத்தில் எஞ்சின் 31 சதவீதம் கூடுதலாகச் சுழலும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் அதற்கேற்பக் கூடும். செகண்ட் கியரில் விட்டும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிய வண்டி, கால் வைக்காமலே இறங்கப் பழகும். டிரம் சூடேறாது, சூடேறாத டிரம்தான் கடைசி வளைவில் கைகொடுக்கும். இதற்கு விலை உண்டு: சமவெளியில் டீசல் கூடக் குடிக்கும், சத்தமும் கூடும். வாரத்தில் பெரும்பாலான நாள் மலையிலேயே ஓடும் வண்டிக்கு நான் பெரிய எண்ணைத்தான் சொல்வேன். வாரத்துக்கு ஒருமுறை மலையேறி மற்ற நாள் மதுரை ஓடும் வண்டிக்கு 4.27 போல நடுவாக ஒன்று போதும்.

ஃபோர் வீல் வண்டி என்றால் முன் ஆக்சில் விகிதமும் பின்னதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

ஃபுல் ஃப்ளோட்டிங்கா, செமி ஃப்ளோட்டிங்கா?

செமி ஃப்ளோட்டிங்கில் வண்டியின் எடையையும் ஆக்சில் ஷாஃப்ட்தான் தாங்குகிறது, சுழற்றுவதும் அதுதான். ஷாஃப்ட் வெளிப்பக்கம் முறிந்தால் வீல் டிரம்மோடு கழன்று போகும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடையை ஹவுசிங் முனையிலுள்ள ஹப்பும் இரண்டு பேரிங்குகளும் தாங்கும். ஷாஃப்ட்டின் வேலை சுழற்றுவது மட்டும். முறிந்தாலும் வீல் வண்டியோடு இருக்கும். ஹப்பின் நடுவில் சுற்றிலும் போல்ட் போட்ட மூடி துருத்திக்கொண்டிருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங் என்று வெளியிலிருந்தே கண்டுகொள்ளலாம். மலைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: எந்த வகையானாலும் ஷாஃப்ட் முறிந்தால் இழுவை மட்டுமல்ல, எஞ்சின் பிடிப்பும் அந்த நொடியில் போய்விடும். அப்போது மிச்சம் இருப்பது பிரேக் மட்டும்தான்.

கடையில் ஆக்சிலைச் சோதிப்பது

ஆயில் பிளக்கைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். விரலில் மினுமினுப்பான மாவு போல வந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் துணுக்கு வந்தால் வேண்டாம். பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பேரிங் துருப் பிடித்திருக்கும். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. சுழற்றும் திசையில் இலேசான ஆட்டம் இருக்கலாம்.

ஆக்சில் ஷாஃப்ட்டை உருவி, பல்வரிசையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வரிகள் நேராக ஓட வேண்டும். இலேசாகச் சாய்ந்து முறுக்கியிருந்தால் அந்த ஷாஃப்ட் அதிக பாரத்தில் உயிரை விட்டிருக்கிறது, அடுத்து முறியும். கிரவுனிலும் பினியனிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. இரண்டையும் ஒன்றாக வைத்துத் தேய்த்துப் பொருத்துவதால் எண் மாறிய ஜோடி எவ்வளவு ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டாலும் ஊளையிடும். டிரம்மில் உச்ச விட்டம் வார்த்திருந்தால் அதைத் தாண்டித் தேய்ந்திருக்கிறதா என்று அளங்கள். ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்பதை லேத் பட்டறையில் வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். அதனால் “லேத்ல வச்சுப் பாத்து வளைவு இருந்தா திருப்பித் தந்துருவேன் அண்ணே” என்று கடைக்காரரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கழற்றுவது

முந்தைய நாள் சாயங்காலமே எல்லா நட்டுக்கும் டீசலோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அடித்து ஊறவிடுங்கள். சமமான சிமெண்ட் தரை. முன் வீல்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. பின்பக்கச் சேஸியை இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக் கூடாது. சிமெண்ட் பிளாக்கும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொபெல்லர் ஷாஃப்ட்டை இரண்டு ஃபிளாஞ்சிலும் பெயிண்ட் குறி வைத்துக் கழற்றுங்கள். பிரேக் ஹோஸைச் சேஸிப் பக்கம் கழற்றி வாயை அடையுங்கள், தூசி போகக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர், லோட் சென்சிங் வால்வு (பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது) இருந்தால் அதன் கம்பி. கடைசியாக ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட். துருப்பிடித்திருந்தால் கிரைண்டரால் வெட்டிவிடுங்கள், பழையதைத் திரும்பப் போடப்போவதில்லை. இழுத்து நீண்ட யூ போல்ட் மறுபடி இறுக்கினால் பிடி நிற்காது. ஆக்சில் நூறு கிலோவை ஒட்டி இருக்கும்; மூன்று ஆட்களும் டிராலி ஜாக்கியும் இல்லாமல் இறக்க வேண்டாம். கழற்றிய கையோடு பட்டையில் முறிந்த இலை, தேய்ந்த புஷ், ஷாக்கிள் பின் எல்லாம் பார்த்து மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங் சீட்டும் பினியன் கோணமும்

இங்கே வரிசை முக்கியம். புது பேரிங், புது சீல் போட்டு ஆக்சிலை முடித்துவிட்டுப் பிறகு சீட் வெல்டு வைத்தால் சூட்டில் சீல் கருகும், வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகப் போனால் உருளைகளில் பள்ளம் விழும். ஆகவே பழைய பேரிங்கோடே ஆக்சிலை வண்டிக்கு அடியில் வைத்துப் பார்த்து, டாக் (சின்னப் பொட்டு வெல்டு) அடித்து, கழற்றி, எல்லாவற்றையும் உருவி, வெற்று ஹவுசிங்கில் முழு வெல்டு. அதற்குப் பிறகே புது பேரிங்கும் சீலும்.

பழைய சீட்டுகளைக் கிரைண்டரால் எடுக்கும்போது குழாயில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன வெட்டில்தான் பிறகு விரிசல் தொடங்கும். புது சீட்டுகளைப் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் வெறுமனே வைத்து, யூ போல்ட்டை இலேசாகப் பிடித்து, வீல் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். முழு எடையும் பட்டையில் உட்கார வேண்டும். சேஸியிலிருந்து இரண்டு டிரம் முகத்துக்கும் தூரம் சமமா? பட்டையின் முன் கண் போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்க ஆக்சில் முனைக்குக் குறுக்காக அளந்தால் இரண்டு பக்கமும் சமமா? சமமில்லாமல் வெல்டு வைத்தால் வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும், டயர் தின்னும்.

இப்போது கோணம். கியர்பாக்ஸ் பின் ஃபிளாஞ்சில் ரசமட்டத்தையோ செல்போன் லெவலையோ ஒட்டி வைத்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பின்னோக்கி 4 டிகிரி தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைத் துண்டு ஷாஃப்ட்டில், இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் இருந்தால், பினியனும் அதற்கு இணையாக மூக்கை 4 டிகிரி தூக்கி இருக்க வேண்டும். ஆனால் பாரத்தோடு இழுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு இன்னும் மேலே எழும். அதற்கு இடம் விட்டு 2 டிகிரியில் வையுங்கள். இழுக்கும் நேரத்தில் அது தானாகச் சரியான இடத்துக்கு வரும். கிராஸ் ஒவ்வொன்றும் வேலை செய்யும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் அமைந்தால் நல்லது. பூஜ்யமாக வைத்தாலும் தவறு, ஊசி பேரிங் நகராமல் ஒரே இடத்தில் தேயும். நடுவில் சென்டர் பேரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்ட்டானால் கியர்பாக்ஸுக்குப் பதிலாக முன் துண்டின் கோணத்தை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். பிக்கப்பில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் நன்றாகவே தாழும்; அதனால் காலி வண்டியில் ஒருமுறை, வழக்கமான எடைக்கு மணல் மூட்டை ஏற்றி ஒருமுறை அளந்து பாருங்கள்.

கோணம் சரியானதும் ஒவ்வொரு சீட்டுக்கும் நாலு இடத்தில் டாக். டாக் அடிக்கும் முன் பேட்டரி கம்பியைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் சீட்டிலேயே பிடியுங்கள். கழற்றி இறக்கிய பிறகு முழு வெல்டு. சூடு காட்டி உலர்த்திய 7018 ராடு, ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் ஓட்டினால் குழாய் வளையும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, தானாக ஆற வேண்டும். வார்ப்பாக இருக்கும் நடுக்குண்டில் வெல்டு வைக்கவே வேண்டாம். ஆறியதும் ஹவுசிங்கை மறுபடி லேத்தில் வைத்து நேர் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்வேலை

பேரிங், சீல், பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் கிட் எல்லாம் புதிதாகப் போகட்டும். கிரவுன் பினியனைப் பிரித்தால் அதைச் சேர்ப்பது தெரிந்த கையிடம்தான் போக வேண்டும். ஆனால் நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். கிரவுனின் சில பற்களில் மார்க்கிங் ப்ளூவை மெல்லப் பூசி, பினியனைச் சற்றுப் பிடித்து இழுத்தபடி இரண்டு பக்கமும் சுழற்றுவார்கள். பூச்சு நசுங்கிய இடத்தில் பல்லின் உலோகம் ஒரு நீள்வட்டமாகப் பளபளவென்று தெரியும். அந்த வட்டம் பல்லின் நடுவில், அடிக்கும் நுனிக்கும் ஒட்டாமல் இருக்க வேண்டும். பல்லின் அடியை ஒட்டிக் கிடந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது; மேல் விளிம்பை ஒட்டியிருந்தால் வெளியே நிற்கிறது. ஷிம் மாற்றி மறுபடி பூச வேண்டும். டயல் கேஜில் பின்னாட்டம் (பற்களுக்கு நடுவிலுள்ள ஆட்டம்) பெரும்பாலான ஆக்சில்களில் 0.15 முதல் 0.20 மி.மீ.யை ஒட்டி வரும். உங்கள் ஆக்சிலின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே முடிவு. இந்த வேலைக்கு நாள் பிடித்தாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஆயில் ஹைப்பாய்டு கியருக்கு ஜி.எல்.5 தரத்தில், 80டபிள்யூ-90 அல்லது புத்தகம் சொல்வது. ஹவுசிங் மூச்சுவிடும் துளையான பிரீதரை மறக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஓடை கடக்கும்போது சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று ஆறி, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு ரப்பர் குழாயால் பிரீதரைச் சேஸி உயரத்துக்குத் தூக்கி விடுங்கள்.

மாட்டுவது

யூ போல்ட்டைக் குறுக்காக மாற்றி மாற்றி, நாலு முனையிலும் வெளியே தெரியும் மரை சமமாக இருக்கும்படி, வண்டியின் எடை பட்டையில் இருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது போல்ட்டின் தடிமனைப் பொறுத்தது, டார்க் ரெஞ்ச் இல்லாமல் செய்ய வேண்டாம்.

புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம் கிட்டத்தட்ட நிச்சயமாக மாறும். வண்டி தரையில் நிற்கும்போது ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் அளந்து லேத்தில் கொடுங்கள். பட்டை முழுக்க அமுங்கினாலும் ஸ்லிப் ஜாயிண்ட் முட்டக் கூடாது. வீல் தொங்கினாலும் அது கழலும் அளவு வெளியே வரக் கூடாது. வெட்டி ஒட்டும்போது இரண்டு முனை யோக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். “பேலன்ஸ் பண்ணாமத் தராதீங்க அண்ணே” என்று சொல்லியே கொடுங்கள், அதிர்ந்து ஓடும் ஷாஃப்ட் புது சீலைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பிரேக்

ஆக்சிலோடு வரும் வீல் சிலிண்டரின் விட்டத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். 22 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. என்றால் பரப்பு 29 சதவீதம் கூடும். அதே மிதிக்குப் பின் பிரேக் அவ்வளவு கூடுதலாகப் பிடிக்கும், பெடலும் கூடக் கீழே போகும். கேட்க நன்றாக இருக்கலாம். ஆனால் காலி வண்டி, ஈர ரோடு, தென்மேற்குப் பருவமழை, போடிமெட்டு வளைவு: பின் வீல் பூட்டிக்கொண்டால் வண்டி பின்பக்கமாகச் சுழன்று தடுப்புச் சுவருக்குப் போகும். பழைய விட்டத்துக்கு ஒத்த சிலிண்டர் அந்த டிரம்முக்குக் கிடைத்தால் அதைப் போடுங்கள். லோட் சென்சிங் வால்வு இருந்த வண்டியில் அதைக் கட்டிப்போடாமல், கம்பியைப் புது ஆக்சிலில் அதே உயரத்துக்குச் சரிசெய்து மாட்டுங்கள்.

பிரேக் பைப்புக்கு டபுள் ஃப்ளேர் அடித்த ஸ்டீல் டியூப். ஏர் எடுப்பது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான வீலில் தொடங்கி, நம் வண்டிகளில் பெரும்பாலும் இடது பின் வீல். ஹேண்ட் பிரேக் கேபிள் நீளம் ஒத்துவராவிட்டால் முடிச்சுப் போட்டுச் சமாளிக்காமல் சரியான நீளத்துக்குச் செய்து போடுங்கள். ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்தி, கியர் போடாமல், வீலுக்குக் கட்டையும் இரண்டு ஆட்களும் தயாராக வைத்துக்கொண்டு சோதியுங்கள். பிடிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் காலி வண்டியில், சமவெளியில், கம்பத்திலிருந்து உத்தமபாளையம் போய்வரும் தூரம் போதும். திரும்பி வந்ததும் நான்கு ஹப்பையும் டிஃபரன்ஷியல் குண்டையும் கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு ஒரு ஹப்பில் மட்டும் இருந்தால் அங்கே பேரிங் இறுக்கம் அல்லது லைனிங் உரசல். கிரவுன் பினியன் புதியதானால் இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள், முதல் 500 கி.மீ.க்குப் பாரம் வேண்டாம், அதற்குப் பிறகு ஆயிலை மாற்றிவிடுங்கள்.

100 கி.மீ.யில் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், 500இல் இன்னொரு முறை. வெல்டு ஓரங்களைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வரும் வண்டிகளில் விகிதம் மாறியதும் முள் பொய் சொல்லும். 3.73லிருந்து 4.88க்குப் போயிருந்தால் முள் 60 காட்டும்போது உண்மையில் சுமார் 46தான். செல்போன் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டு, ஸ்பீடோ டிரைவ் கியரை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கிலோமீட்டரும் அதே அளவு கூடுதலாக ஓடும், மைலேஜ் கணக்குப் போடும்போதும் ஆயில் மாற்றும் தேதியைக் குறிக்கும்போதும் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு முதல்முறை போகும்போது பாதிப் பாரம். ஏறியதை விட்டுவிடுங்கள், இறங்கும்போது கவனியுங்கள். முன்பு இறங்கிய அதே கியரில், முதல் சில வளைவுகளுக்குள்ளேயே எத்தனை முறை பிரேக்கில் கால் போகிறது என்று பாருங்கள். பாதி இறக்கத்தில் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, வீல் பக்கம் குனிந்து முகர்ந்து பாருங்கள். லைனிங் கருகும் வாடை அடித்தால் ஒரு கியர் குறைத்து இறங்க வேண்டும். குறைத்தும் அடித்தால் பின் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்டையும் சிலிண்டரையும் திரும்பத் திறந்து பார்த்த பிறகுதான் முழுப் பாரம்.